சைபர் செக்யூரிட்டி வேலைக்கு எந்தச் சான்றிதழ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் சைபர் செக்யூரிட்டி வேலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சான்றிதழைப் பற்றித்தான். நான் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றிக் கொடுக்கும் வேலையில் தொடங்கியவள். 19 ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் ஒரு கண்காணிப்பு மையத்தில் (எங்கள் பேச்சில் ‘சாக்’) ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. தேர்வு எழுதியவளாகவும், எழுதியவர்களை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பவளாகவும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி இறுதியாண்டு. ஒரே விளம்பரத்தில் செக்யூரிட்டி பிளஸ், சிஇஹெச், சிஐஎஸ்எஸ்பி, ஓஎஸ்சிபி, சிசா என்று ஐந்தையும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் வேண்டுமா? எதில் தொடங்குவது?

பதில்: தம்பி, அந்த ஐந்தும் நான்கு வெவ்வேறு தொழில்களுக்கு உரியவை. சிசா என்பது தணிக்கையாளருக்கு. ஓஎஸ்சிபி என்பது அனுமதி வாங்கிக்கொண்டு கணினிகளுக்குள் புகுந்து ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு. சிஇஹெச்சும் அந்தப் பக்கம்தான், ஆனால் அடிப்படை அளவில். சிஐஎஸ்எஸ்பி இந்தத் துறையில் ஐந்தாண்டு வேலை பார்த்தவருக்கு. ஐந்தையும் ஒருவரிடம் கேட்கும் நிறுவனத்துக்கு எந்த ஆள் வேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

விளம்பரம் எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். குழுத் தலைவர் மூன்று வரி எழுதிக் கொடுப்பார். மனிதவளத் துறையினர் பழைய விளம்பரம் ஒன்றை எடுத்து அதில் இந்த மூன்று வரியையும் சேர்ப்பார்கள். பழையதில் இருந்த சான்றிதழ்கள் அப்படியே தங்கிவிடும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இரவு ஷிப்டுக்குப் புதியவர்களை எடுக்க நாங்கள் கொடுத்த விளம்பரத்திலேயே சிஐஎஸ்எஸ்பி ‘கட்டாயம்’ என்று வந்துவிட்டது. ஏன் யாருமே விண்ணப்பிக்கவில்லை என்று இரண்டு வாரம் குழம்பிவிட்டு, அப்புறம்தான் விளம்பரத்தையே படித்துப் பார்த்தேன். எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ‘நமக்கு இல்லை’ என்று ஒதுங்கினார்களோ என்று இன்றும் நினைப்பேன். அதனால் சொல்கிறேன், பட்டியலில் பாதி இல்லை என்றாலும் விண்ணப்பியுங்கள்.

உங்களுக்கு முதல் படி, கம்ப்டியா என்ற அமைப்பு நடத்தும் செக்யூரிட்டி பிளஸ். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையிலான அளவில் 750 எடுத்தால் தேர்ச்சி. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இல்லை. ஃபயர்வால் (நெட்வொர்க்குக்குள் எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் காவல்) விதிகளைச் சரியான வரிசையில் அமைக்கச் சொல்வது போன்ற செய்முறைக் கேள்விகளும் உண்டு. அவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நிற்கும். அதில் 25 நிமிடத்தைத் தொலைத்துவிட்டு மீதியை அவசரமாக எழுதித் தோற்றவர்களை எனக்குத் தெரியும். குறித்து வைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வாருங்கள்.

இந்தத் தேர்வின் பெயர் இவ்வளவு விளம்பரங்களில் வருவதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2005இல் 8570 என்ற உத்தரவின் கீழ், தன் கணினிப் பாதுகாப்புப் பணிகளில் இருப்பவர்களுக்குக் குறிப்பிட்ட சான்றிதழ்களைக் கட்டாயமாக்கியது. அந்தத் துறைக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அது பொருந்தியது. இப்போது அந்த இடத்தில் 8140 என்ற உத்தரவு இருக்கிறது. அந்தப் பட்டியலில் தொடக்கநிலைக்கு இருந்தவற்றில் ஒன்று செக்யூரிட்டி பிளஸ். பெரிய நிறுவனங்கள் கேட்கத் தொடங்கியதும் மற்றவர்களும் கேட்டார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. ஒரு ஐபி முகவரியைப் பார்த்து அது எந்த சப்நெட்டில் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா? டிசிபி இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்று ஒரு தாளில் வரைய முடியுமா? முடியாது என்றால் முதலில் நெட்வொர்க் படியுங்கள். சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வை எழுதினாலும் சரி, அதன் பாடத்தை மட்டும் முழுதாகப் படித்தாலும் சரி. வாகனம் எப்படி ஓடும் என்றே தெரியாதவரிடம் தெருவில் வரும் எந்த வண்டி சந்தேகத்துக்குரியது என்று கேட்க முடியாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கேள்வி: சிஇஹெச் முடித்து எட்டு மாதம் ஆகிறது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் மூன்று இடங்களில் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். சான்றிதழுக்கு மதிப்பு இல்லையா மேடம்?

பதில்: கூப்பிடுகிறார்கள் அல்லவா? அது அந்தச் சான்றிதழ் செய்த வேலை. அதன் வேலை அங்கே முடிந்துவிடுகிறது.

சிஇஹெச் தேர்வு 4 மணி நேரம், 125 கேள்விகள், எல்லாமே விடையைத் தேர்ந்தெடுப்பவை. ஆறு மணி நேரத்தில் 20 சவால்களை நேரடியாகச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு ஒன்றும் தனியாக உண்டு. பலரும் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கருவிகளின் பெயர்கள், போர்ட் எண்கள், தாக்குதல் வகைகள் எல்லாம் நினைவில் இருக்கும். எதிரே ஒரு தாளை வைத்து ‘இதில் என்ன நடக்கிறது?’ என்று கேட்டால்தான் தடுமாற்றம்.

நான் வைக்கும் தாளைச் சொல்கிறேன். அடுத்தவருக்கு வேறு தாள் செய்துகொள்வேன், கவலை இல்லை. விண்டோஸ் லாக், அதாவது கணினியில் நடந்தவற்றின் பதிவு, சுமார் 50 வரி. அதிகாலை 3 மணிக்கு மேல், ஒரே ஐபி முகவரியிலிருந்து 4625 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. லாகின் தோற்றது என்று பொருள். ஒவ்வொரு வரியிலும் வேறு வேறு பயனர் பெயர். பிறகு ஒரே ஒரு 4624, அதாவது உள்ளே நுழைந்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் 4720, புதிய கணக்கு ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரி 1102.

சிஇஹெச் முடித்தவர்களில் பலர் ‘புரூட் ஃபோர்ஸ் தாக்குதல்’ (பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது) என்று உடனே சொல்வார்கள். அது பாதி விடை. ஒரு முறை வந்த ஒரு பெண்ணிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் கூப்பிட்டிருந்தேன். அவள் தாளை இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தாள். ‘ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவைதான் முயற்சி செய்திருக்கிறான். தவறான முயற்சிகளால் கணக்கு முடங்கிவிடக் கூடாது என்று பார்க்கிறான். ஒரே பாஸ்வேர்டை எல்லோரிடமும் போட்டுப் பார்க்கிறான்’ என்றாள். சரி, அதுதான் பாஸ்வேர்டு ஸ்பிரே. அப்புறம் அவளாகவே சொன்னாள்: ‘1102 என்றால் லாக் அழிக்கப்பட்டது. அழித்த பிறகும் மேலே உள்ள வரிகள் நம் கையில் இருக்கின்றன என்றால், லாக் வேறொரு சர்வருக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.’ அத்தனை ஆண்டுகளில் அந்தத் தாளைப் பார்த்து அதைச் சொன்னவர் அவள் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே செக்யூரிட்டி பிளஸும் எழுதி முடித்துவிட்டாள்.

நான் அவளைப் பார்த்ததே தற்செயல் என்பதையும் சொல்ல வேண்டும். சான்றிதழ் இல்லாத அந்த விண்ணப்பம் வழக்கமான வழியில் வந்திருந்தால் என் மேசைக்கு வந்தே இருக்காது. எனவே உங்கள் சிஇஹெச்சை வீண் என்று நினைக்காதீர்கள். அதோடு கைப்பழக்கத்தைச் சேருங்கள். உங்கள் கணினியில் விர்ச்சுவல் பாக்ஸ் (ஒரு கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டு, ஒரு விண்டோஸ், ஒரு லினக்ஸ் நிறுவுங்கள். வாசூ போன்ற இலவசக் கருவியில் இரண்டின் லாகுகளையும் சேருங்கள். வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டு போடுங்கள், புதிய கணக்கு உருவாக்குங்கள், லாகை அழியுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன வரி விழுகிறது என்று பாருங்கள். பார்த்ததை உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு பக்கம் எழுதி, விண்ணப்பத்தோடு இணையுங்கள். நான் முதலில் படிப்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான்.

கேள்வி: உண்மைத் தேர்வுக் கேள்விகள் என்று ‘டம்ப்’ விற்கிறார்கள். என்னுடன் படிப்பவர்கள் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் மட்டும் வாங்காமல் இருந்தால் நஷ்டம் எனக்குத்தானே?

பதில்: வாங்காதீர்கள். தேர்வு தொடங்கும் முன் ‘கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன்’ என்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே போகிறோம். அதை மீறியது தெரிந்தால் வாங்கிய சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை தேர்வு நடத்துபவர்களுக்கு உண்டு. மறுபடி எழுதத் தடையும் வரும். அடுத்தவர் கணக்கையும் தரவையும் நம்பி ஒப்படைக்கும் வேலை இது. உள்ளே வரும் வழியே பொய் என்றால், உங்களை எதை நம்பி அந்தச் சாவியைத் தருவது?

இன்னொன்றையும் பாருங்கள். ஜியாக் என்ற அமைப்பின் தேர்வுகளில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அச்சடித்த தாள், சொந்தக் குறிப்பு எல்லாம் எடுத்துப் போகலாம். அப்படியிருந்தும் தோற்பவர்கள் தோற்கிறார்கள், ஏனென்றால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரிய வேண்டும். தேறியவர்களைக் கேட்டால், தாங்களே உட்கார்ந்து தயாரித்த அகரவரிசைப் பட்டியலைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தப் பட்டியலைப் போடும்போதுதான் பாடம் மண்டையில் ஏறுகிறது.

கேள்வி: மூன்று மாதத்தில் ஆறு சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம் என்று ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறது. என் மகள் சேர ஆசைப்படுகிறாள். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். கட்டலாமா அம்மா?

பதில்: ஐயா, தயவுசெய்து இப்போது கட்டாதீர்கள். பயிற்சி நிலையம் நடத்தும் வகுப்பை முடித்ததற்கு அவர்களே தரும் சான்றிதழ் வேறு. கம்ப்டியா, ஐஎஸ்சி டூ, ஐசாக்கா போன்ற அமைப்புகள் தனியாகத் தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ் வேறு. முதல் வகையை விண்ணப்பத்தில் பார்த்தால் நாங்கள் கடந்துபோய்விடுவோம். ஆறும் எந்த வகை, ஆறுக்கும் தேர்வுக் கட்டணம் நீங்கள் கொடுக்கும் தொகைக்குள் அடங்குமா, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு தேர்வுக்கு வேலையோ படிப்போ பார்த்துக்கொண்டே தயாராக, முதல் முறை எழுதுபவருக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மூன்று மாதத்தில் ஆறு என்பது மனப்பாடத்துக்கு மட்டும்தான் சாத்தியம். உங்கள் மகள் முதலில் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். எல்லா அமைப்புகளும் அதைத் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஐஎஸ்சி டூ 2022இல் தொடங்கிய சிசி என்ற தொடக்கநிலைத் தேர்வு இருக்கிறது. அதற்கு முன்னனுபவம் கேட்பதில்லை. அதன் பாடம் பிடித்திருக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிடிக்கவில்லை என்றால் கடன் இல்லாமல் அதைத் தெரிந்துகொண்டீர்கள். பிடித்திருந்தால் அவள் தானாகவே உட்கார்ந்து படிப்பாள்.

கேள்வி: மூன்று ஆண்டு அனுபவம் இருக்கிறது. இப்போதே சிஐஎஸ்எஸ்பி எழுதித் தேறிவிட்டால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: போட்டுக்கொள்ள முடியாது. சிஐஎஸ்எஸ்பியில் எட்டுத் துறைகள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது இரண்டில், மொத்தம் ஐந்தாண்டு சம்பளத்துடன் வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டமோ, அதை நடத்தும் ஐஎஸ்சி டூ ஏற்கும் வேறு சான்றிதழோ இருந்தால் ஓராண்டு கழியும். அப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு இன்னும் ஓராண்டு பாக்கி. ஆனால் தேர்வை இப்போதே எழுதலாம். தேறினால் ‘அசோசியேட்’ என்ற பெயர் கிடைக்கும். மீதி அனுபவத்தைச் சேர்க்க ஆறு ஆண்டு அவகாசம் தருகிறார்கள். அனுபவம் சேர்ந்ததும், ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் அனுபவம் உண்மை என்று உறுதி சொல்ல வேண்டும்.

நான் எழுதிய காலத்தில் 250 கேள்விகள், 6 மணி நேரம். இப்போது 3 மணி நேரம், 100 முதல் 150 கேள்விகள். நீங்கள் தரும் விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கும். எழுதிய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கேள்வி ஏறிக்கொண்டே போகிறதே என்று பலர் பதறுவார்கள். ஒழுங்காக எழுதுகிறீர்கள் என்றுதான் அதற்குப் பொருள்.

முதல் முறை நான் தேறவில்லை. படிக்காமல் போகவில்லை. எல்லாக் கேள்விக்கும் கீபோர்டில் கை வைத்தவளாகவே பதில் சொன்னேன். சர்வர் தாக்கப்பட்டது என்று வந்தால் கேபிளைப் பிடுங்குவதுதான் எனக்குத் தோன்றியது. அந்தத் தேர்வு, நிறுவனத்துக்கு முழுப் பொறுப்பு ஏற்பவர் என்ன செய்வார் என்று கேட்கிறது. திட்டம் என்ன சொல்கிறது, யாருக்குத் தகவல் போக வேண்டும், கேபிளைப் பிடுங்கினால் எந்தச் சேவை நிற்கும், மனித உயிருக்கு ஆபத்து உண்டா என்ற வரிசையில் யோசிக்க எனக்கு இன்னும் பத்து மாதம் தேவைப்பட்டது. அந்தப் பத்து மாதத்தில் என் மேலாளர் கூட்டங்களுக்குப் போகும்போது நானும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். புத்தகத்தைவிட அதுதான் உதவியது. உங்கள் மூன்றாவது ஆண்டில் அப்படி ஒரு வாய்ப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓஎஸ்சிபி தேர்வு 24 மணி நேரம் என்கிறார்கள். உண்மையா? எனக்கு ஹேக்கிங் தவிர வேறு எதிலும் ஆர்வம் இல்லை.

பதில்: 23 மணி 45 நிமிடம். அதற்குள் அவர்கள் தரும் கணினிகளுக்குள் நுழைந்து காட்ட வேண்டும். வெப்கேம் வழியாகக் கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடலாம், தூங்கலாம், அந்த நேரமும் கணக்கில் ஓடும். 100க்கு 70 மதிப்பெண் வேண்டும். அது முடிந்த பிறகு அறிக்கை எழுத இன்னொரு 24 மணி நேரம்.

எல்லோரும் முதல் பாதியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். எங்கள் குழுவில் ஒரு பையன் போதுமான கணினிகளுக்குள் நுழைந்துவிட்டான். ஆனால் ஒன்றில் ஆதாரப் படம் (ஸ்கிரீன்ஷாட்) சரியாக எடுக்கவில்லை. அந்தக் கணினிக்கு மதிப்பெண் போய், தேர்வும் போய்விட்டது. கொடுமை என்று அப்போது புலம்பினான். வேலைக்கு வந்து பார்த்தால் தெரியும், வாடிக்கையாளர் காசு கொடுப்பது அறிக்கைக்குத்தான். எந்த வழியாக நுழைந்தீர்கள், என்ன கட்டளை கொடுத்தீர்கள், எப்படி அடைப்பது என்பதை, அதைச் சரிசெய்யப் போகும் ஆள் படித்துச் செய்யும்படி எழுதத் தெரிய வேண்டும். இரண்டாம் முறை எழுதியபோது ஒவ்வோர் அடிக்கும் படம் எடுத்து, உடனுக்குடன் குறிப்பு போட்டுத் தேறினான். ஹேக்கிங் தவிர எதிலும் ஆர்வம் இல்லை என்கிறீர்கள். எழுதுவதிலும் கொஞ்சம் ஆர்வம் வரட்டும். பயிற்சிக் கணினி ஒன்றை உடைக்கும்போதெல்லாம் அதற்கு ஓர் அறிக்கை எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: வாங்கிய சான்றிதழ் காலாவதி ஆகுமா?

பதில்: பெரும்பாலானவை ஆகும். செக்யூரிட்டி பிளஸ், சிஐஎஸ்எஸ்பி எல்லாம் மூன்றாண்டுச் சுற்று. அதற்குள் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், முன்னதற்கு 50, பின்னதற்கு 120. கட்டணமும் உண்டு. ஜியாக் நான்காண்டு. மைக்ரோசாஃப்டின் பணிநிலைச் சான்றிதழ்கள் ஓராண்டுதான், ஆனால் இணையத்திலேயே இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஓஎஸ்சிபிக்குக் காலாவதி கிடையாது. 2024 நவம்பர் முதல் கூடவே தரப்படும் ஓஎஸ்சிபி பிளஸுக்கு மட்டும் மூன்றாண்டு. காலாவதியானதை விண்ணப்பத்தில் போடுவதென்றால் ஆண்டையும் போடுங்கள். சான்றிதழ் எண்ணை வைத்து நாங்கள் சரிபார்ப்போம்.

கேள்வி: எனக்கு வயது 41. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். கோடிங் தெரியாது. இந்தத் துறைக்கு வரலாம் என்று நினைப்பதே தப்போ என்று தோன்றுகிறது.

பதில்: தப்பே இல்லை. இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது உங்களுடையதுதான். நீங்கள் வெறுங்கையுடன் வரவில்லை.

உங்களுக்கான சான்றிதழ் சிசா. 1978இலிருந்து இருக்கிறது, ஐசாக்கா நடத்துகிறது. 4 மணி நேரம், 150 கேள்விகள், 200 முதல் 800 வரையிலான அளவில் 450 எடுத்தால் தேர்ச்சி. கோடிங் எழுதச் சொல்ல மாட்டார்கள். தேர்வை இப்போதே எழுதலாம். சான்றிதழ் கையில் கிடைக்க, தகவல் அமைப்புத் தணிக்கை, கட்டுப்பாடு, பாதுகாப்பு போன்ற வேலைகளில் ஐந்தாண்டு அனுபவம் கேட்பார்கள். படிப்பு முதலியவற்றைக் காட்டி அதில் அதிகபட்சம் மூன்றாண்டு வரை கழித்துக்கொள்ள வழி உண்டு. தேறியதிலிருந்து ஐந்தாண்டுக்குள் விண்ணப்பித்தால் போதும்.

பணம் கொடுக்க ஒப்புதல் தருபவரே காசோலையும் எழுதக் கூடாது என்று எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பீர்கள்? மென்பொருளை எழுதியவரே அதை நேரடிப் பயன்பாட்டுக்கும் ஏற்றக் கூடாது என்பது அதே விதி. வேலையை விட்டுப் போனவர் பெயரில் இன்னும் காசோலைக் கையெழுத்து அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்திருப்பீர்கள். இங்கே அவர் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்போம். சாம்பிள் எடுப்பது, ஆதாரம் கேட்பது, ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று வாயால் சொன்னால் நம்பாமல் இருப்பது, இவற்றையெல்லாம் கணினி படித்த இருபத்தைந்து வயதுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆகிறது. உங்களுக்கு பேக்கப், என்கிரிப்ஷன், நெட்வொர்க் அடிப்படை சொல்லிக்கொடுக்க அவ்வளவு காலம் ஆகாது.

கடினம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். பாடத்தில் ஐந்து பகுதிகள். நான்காவது அமைப்புகளை இயக்குவது, ஐந்தாவது தகவலைப் பாதுகாப்பது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய பாதித் தேர்வு. உங்களுக்குப் புதிது அவைதான். அவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, தினம் ஒரு மணி நேரம் கொடுங்கள். தணிக்கை முறை பற்றிய முதல் பகுதியைக் கடைசிக்கு விட்டுவிடலாம், அது நீங்கள் பன்னிரண்டு ஆண்டாகச் செய்துகொண்டிருப்பது. இதற்கிடையே, நீங்கள் இருக்கும் அலுவலகத்திலேயே அடுத்த முறை தகவல் அமைப்புத் தணிக்கை நடக்கும்போது அந்தக் குழுவில் உங்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பெடுக்கும் வேலைதான் கிடைக்கும் என்றாலும் சரி என்று சொல்லிவிடுங்கள், அந்த நாட்களும் அனுபவக் கணக்கில் சேர வாய்ப்பிருக்கிறது. நான்காம் பகுதியில் எங்காவது மாட்டிக்கொண்டால் எழுதுங்கள், அடுத்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.